செஞ்சிக் களஞ்சியமும் குதிரின் வாயும்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்துக்கு வருகிறவர்கள் கல்யாண மஹாலைப் பார்த்த கையோடு நெற்களஞ்சியத்துக்குள் நுழைகிறார்கள். தடித்த சுவரையும் வளைந்து இறங்கும் கூரையையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பிறகு எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இதற்குள் எத்தனை மூட்டை பிடித்திருக்கும்? வழிகாட்டிகளும் அதற்கே பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒரு சேமிப்புக் கலத்தை எடைபோட இந்தக் கேள்வி போதாது என்பது என் எண்ணம். தானியத்தை உள்ளே போடுவதில் பெரிய ஆபத்து கிடையாது. ஆள் புதைவதும், அளவு தவறுவதும், அடியில் கிடப்பது மக்கிப் போவதும் வெளியே எடுக்கும்போதுதான் தெரியவருகின்றன. ஆகவே எதையும் சேர்த்துவைக்கும் கலத்தை அதன் வாயை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

அதற்கு மூன்று அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். எடுக்க வருகிறவர் கலத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறதா? திறந்தவர் கையை விட்டுவிட்டால் ஓட்டம் தானாக நிற்குமா? முதலில் போட்டது முதலில் வருமா? இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் மனிதர் அசந்துபோவார்; பொறி அசரக் கூடாது. கொள்ளளவு, பழமை, அழகு ஆகியவற்றுக்கு இங்கே இடம் தரவில்லை.

முதலில் செஞ்சி. மூன்று மலைகளையும் சுற்றி ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளும் மதிலுக்குள் களஞ்சியங்கள் ஓரிடத்தில் மட்டும் இல்லை. அடிவாரத்திலும் இருக்கின்றன, அம்மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் உச்சியிலும் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் துப்பாக்கிக் கிருஷ்ணப்ப நாயக்கர் இவற்றைக் கட்டினார் என்பது மரபுச் செய்தி. இவை பெற்ற கடுமையான சோதனை 1690இல் தொடங்கியது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் வெளியே பாளையம் இறங்கினார். கோட்டை விழ 1698 ஆயிற்று. இடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1692 இறுதியில் சந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் வந்து முகலாயரின் தானிய வழியை அறுத்ததும், பட்டினி கிடந்தது முற்றுகையிட்ட படைதான். சுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் தாக்குப்பிடித்ததில் இந்தத் தடித்த சுவர்களுக்கும் பங்கு உண்டு. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் என் அளவுகோலுக்கு வருவோம். இன்று நாம் நடந்து நுழையும் வாசல் வழியாகத்தான் ஆள் உள்ளே போய், கூடையிலோ மூட்டையிலோ எடுத்துவர வேண்டியிருந்திருக்கும். அடியில் துளை வைத்து நெல்லைத் தானே இறங்கச் செய்யும் ஏற்பாடு எதுவும் என் கண்ணில் படவில்லை. மரக்கதவுகளும் பலகைகளும் மிஞ்சாத இடத்தில் இதற்கு மேல் அடித்துச் சொல்வது முறையாகாது. ஆளை உள்ளே அனுப்பும் அறை என்ற வகையில் முதல் அளவுகோலில் இது தோற்க வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன். நெல்லில் ஆள் புதைந்து சாவது, அவர் காலுக்குக் கீழே நெல் ஓடிக்கொண்டிருந்தால்தான். அசையாத குவியல்மேல் ஏறி நிற்பவர் கால் பதியும் அளவுக்குத்தான் இறங்குவார். அடியில் வாய் இல்லாத செஞ்சி அறையில் அந்தப் பயம் இல்லை. குவியல் சரிந்து விழலாம். பூட்டிக் கிடந்த அறையில் காற்று கெட்டிருக்கலாம். இந்த இரண்டுக்கும் பயந்தால் போதும். ஆள் உள்ளே போகிற களஞ்சியம் என்றாலே ஆபத்தானது என்று எழுதிவிட முடியாது.

செஞ்சி அறை உண்மையில் தோற்பது அளவிலும் வரிசையிலும்தான். எவ்வளவு வெளியே போயிற்று என்பதைச் சொல்ல அந்தக் கட்டடத்துக்குத் தெரியாது. வாசலில் நிற்கும் காவலரும் கணக்கரும்தான் சொல்ல வேண்டும். பழையது சுவரோரம் கிடக்க, வாசலோரம் கொட்டிய புதியதே முதலில் கைக்கு வரும். கிருஷ்ணகிரி உச்சியில் எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று அழைக்கப்படும் தொட்டிகளும் இப்படியே. மேலிருந்து மொண்டு எடுக்கலாம். அடியில் வாய் கிடையாது என்பதால் ஒழுக்குப் பயம் இல்லை, ஆனால் மொள்ளும் பாத்திரத்தோடு அழுக்கும் இறங்கும்.

இனி அதே வட்டாரத்தின் வீடுகளுக்குப் போவோம். குதிர் என்பது சுட்ட அல்லது உலர்ந்த மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொருத்துகளில் மண்ணும் சாணமும் பூசிய கலம். மேலே கொட்டி, மூடி, பூசிவிடுவார்கள். அடியில், தரையிலிருந்து சற்று மேலே, கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. வைக்கோல் புரியோ பழந்துணியோ வைத்து அதை அடைத்திருப்பார்கள். வீட்டுப் பெண் மரக்காலைக் கீழே வைத்து அடைப்பை உருவுவாள். நெல் சரசரவென்று இறங்கும். நிறைந்ததும் அடைப்பைத் திரும்பச் செருகுவாள். ஒருவேளை குழந்தை அழுதது என்று எழுந்து போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் வழிந்து கீழே குவியும். குவியலின் நுனி துளையின் வாயைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு மணிகூட வராது. நெல்லுக்கென்று ஒரு சரிவு உண்டு. அந்தச் சரிவே இங்கே தாழ்ப்பாள். பூட்டு, திருகு, நெம்புகோல் எதுவும் இல்லாமல் இப்படி ஒரு காப்பைச் செய்திருப்பதை நான் மிக உயர்ந்த பொறியியலாகக் கருதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. குதிர் நிறைய இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் துளையில் நெல் வரும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். தண்ணீர் அப்படி இல்லை. உயரம் கூடினால் பாய்ச்சலும் கூடும். நெல்மணிகள் சுவரோடு உராய்ந்து, தங்கள் எடையில் பெரும்பங்கைச் சுவரின்மேல் ஏற்றிவிடுகின்றன. ஜெர்மனியின் யான்சென் 1895இல் இதைக் கணக்காக எழுதினார். அந்தக் கணக்கை அறியாமலே, அதன் பலனை நம் வீடுகள் அனுபவித்தன.

குதிருக்குக் குறையும் உண்டு. அடியில் போட்ட பழைய நெல்லே முதலில் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. தட்டையான அடியுள்ள கலத்தில் துளைக்கு நேர்மேலே இருக்கும் நெல்தான் முதலில் இறங்கும். பிறகு மேற்பரப்பு சரிந்து அந்தக் குழிக்குள் விழும். சுவரோரம் அடியில் கிடப்பது கடைசிவரை அசையாது. தானியமும் தூளும் கலத்தில் எப்படி ஓடுகின்றன என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜெனிக்கே 1964இல் வெளியிட்ட நூல் இதைத் தெளிவாக்கியது. அடியைச் செங்குத்தான கூம்பாக, வழவழப்பாக அமைத்தால்தான் மொத்த நெல்லும் ஒன்றாக இறங்கும் என்று அவர் காட்டினார். குதிருக்குக் கூம்பு கிடையாது. மிச்சத்தை வழித்தெடுக்க ஒல்லியான பிள்ளையை உள்ளே இறக்க வேண்டிவரும். ஆண்டுக்கு ஒருமுறை காலியாகும் வீட்டுக் குதிரில் இது பெரிய பிழை ஆகாது. கோட்டைக் களஞ்சியத்தின் அளவுக்கு அதைப் பெருக்கினால் பெரிய பிழை ஆகும்.

பெருக்கிப் பார்த்த ஒரு கட்டடம் பாட்னாவில் நிற்கிறது. வங்காளப் பஞ்சத்துக்குப் பின் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆணையிட, கேப்டன் ஜான் கார்ஸ்டின் 1786இல் முடித்த கோல்கர். 29 மீட்டர் உயரம். வெளிப்புறம் 145 படி ஏறி உச்சித் துளையில் தானியத்தைக் கொட்டலாம்; அடியில் கதவுகள். அந்தக் கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை, ஆகவே நிரப்பினால் திறக்கவே முடியாது என்பது அதைப் பற்றி ஊரே சொல்லும் குற்றச்சாட்டு. அது முழுக்க நிரப்பப்பட்டதே இல்லை. குற்றம் கீலில் இருப்பதாக எல்லோரும் பேசுகிறார்கள், நான் ஒப்பவில்லை. வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தால் திறந்திருக்கும், சரி. திறந்த பிறகு யார் மூடுவது? அத்தனை தானியமும் சாய்ந்து தள்ளும்போது அந்தக் கதவைத் திரும்பச் சாத்த ஒரு படையே வேண்டும். கீலில் ஆடும் கதவு மனிதர் போய்வரும் வாசலுக்கு ஏற்றது. ஓடும் பொருளுக்கு, ஓட்டத்தைக் குறுக்கே வெட்டி நகரும் பலகையோ, உள்ளே செருகும் அடைப்போதான் வேண்டும். கோட்டையின் பெரிய கலமும் வீட்டின் சிறிய கலமும் பிரியும் இடம் இதுதான்.

குறுக்கே அடைக்கும் கலையைத் தமிழர் பெரிய அளவிலும் அறிந்திருந்தார்கள். தானியத்தில் இல்லை, ஏரியில். குமிழித்தூம்பு பல்லவர் காலம் முதலே இங்கே புழக்கத்தில் உள்ள ஏற்பாடு. ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், குறுக்குக் கற்களின் துளை வழியே இறங்கும் ஒரு தண்டு, தண்டின் முனையில் அடைப்பு. அடைப்பு கீழே கல்தொட்டியின் மேல் உள்ள துளையில் உட்காரும். தண்டைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் போகும் கல்லோடை வழியாக வயலுக்குப் போகும். விட்டால் அடைப்பு தன் எடையில் இறங்கும். மேலே நிற்கும் நீரே அதை அழுத்திப் பிடிக்கும். ஏரி நிறைய நிறைய அடைப்பு இறுகும். இரண்டாவது அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்.

முதல் அளவுகோலில் தயங்குகிறேன். தண்டு நீருக்கு மேலே எழுந்து நிற்கும் தூம்பில், தூண்மேல் நின்றே வேலை பார்க்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேர நீந்த வேண்டும். தண்டு சிக்கிக்கொண்டால் மூழ்க வேண்டும். மழைக்காலத்தில் நிறைந்த ஏரியில் இறங்கி மடை திறந்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். பின்னாளில் பொதுப்பணித்துறை கரையோடு ஒட்டி வைத்த திருகு ஷட்டர் இந்த ஒரு விஷயத்தில் பழையதை வென்றது. சங்கராபரணி ஆற்றின் குறுக்கே 1958–59இல் கட்டிய வீடூர் அணையில் ஷட்டரை இயக்க யாரும் நீரில் குதிக்க வேண்டாம். பழைய முறையில் எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

எஃகு உருளைக் களஞ்சியங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய உணவுக் கழகத்துக்காக பஞ்சாபின் மோகாவிலும் ஹரியானாவின் கைத்தலிலும் எழுந்தவை போன்றவற்றில் கோதுமை மேலே ஏறி, கீழே வாய் வழியாக இறங்கும். வேகத்தில் சிறப்பு. ஆனால் அடியில் வாய், மேலே ஆள் என்ற கொடிய சேர்க்கை இங்கேதான் வருகிறது. தானியம் இறுகிப் பாலம் போல நின்றுவிட, அதை உடைக்க ஆள் இறங்கி, கீழே வாய் திறந்திருந்தால், சில நொடிகளில் இடுப்புவரை போய்விடுவார். அதன்பின் பலர் சேர்ந்து இழுத்தாலும் வரமாட்டார். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் இத்தகைய விபத்துகளுக்குத் தனியே பதிவு வைத்திருக்கிறது. இறக்கும் பொறியை நிறுத்திப் பூட்டாமல், கயிறு கட்டாமல், வெளியே ஒருவர் காவல் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று அங்கே 1987இல் விதி வந்தது. பொறியின் குறையை விதியால் அடைக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

புவனேஸ்வரில் 2024இல் தொடங்கிய அன்னபூர்த்தி என்ற தானியப் பொறியில், உலக உணவுத் திட்டத்தின் வடிவமைப்பில், அட்டைதாரர் தொட்டால் எடைபோட்டு அரிசி இறங்குகிறது. ஐந்து நிமிடத்தில் 50 கிலோ, பிழை 0.01 விழுக்காடு என்கிறார்கள். அளவைப் பொறியே சொல்கிறது. வாசலில் கணக்கர் நிற்க வேண்டாம். செஞ்சி அறைக்கு இல்லாதது இதுதான்.

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு இன்றும் நெல் மூட்டையாகத்தான் வருகிறது. அங்கே வியாபாரி கையில் இருக்கும் குத்தூசியைக் கவனித்திருக்கிறீர்களா? கூரான முனை, உள்ளே பள்ளம். சாக்கில் குத்திச் சற்றே சாய்த்தால், பள்ளம் வழியே ஒரு கைப்பிடி நெல் உள்ளங்கைக்கு வரும். உருவியதும் சணல் இழைகள் நெருங்கித் துளையை மூடிக்கொள்ளும். கையை எடுத்தால் நின்றுவிடும் வாய்களில் இதைவிடச் சிறியதை நான் அறியேன். பத்துப் பேர் குத்திய சாக்கு ஒழுகும் என்பதும் உண்மை.

என் தீர்ப்பு இது. செஞ்சிக் களஞ்சியம் காக்கும் கட்டடமாக முதல் தரம். வழங்கும் பொறியாக மூன்றாம் தரம். கோல்கர் வழங்கும் பொறி என்ற பெயருக்கே தகுதி இல்லாதது. எஃகு உருளை வேகத்தில் வென்று, பாதுகாப்பை மனிதரின் கவனத்தில் ஒப்படைத்துவிட்டது. குமிழித்தூம்பின் அடைப்பும் குதிரின் துளையுமே முதலிடத்தில் நிற்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால், ஆளை ஆபத்தில் இறக்காத குதிருக்கே என் வாக்கு.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுதியில், தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டையாக, யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வருகிறவர்கள் பெருகுவார்கள். தொல்லியல் துறை அடிவாரக் களஞ்சியத்தின் வாசலருகே மண் குதிர் ஒன்றையும், இயக்கிப் பார்க்கக்கூடிய தூம்பு மாதிரி ஒன்றையும் வைக்க வேண்டும். பிள்ளைகள் அடைப்பை உருவி, நெல் தானே நிற்பதைப் பார்க்கட்டும். செஞ்சி வட்டாரத்தில் பரணிலோ தோட்டத்திலோ பழைய குதிர் உறைகளை இன்னும் வைத்திருப்பவர்கள், உடைத்துப் போடுமுன் அருங்காட்சியகத்துக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.