நகலின் உழைப்பு

'பொம்மைக் கார்தானே தோழர், இதுல பேச என்ன இருக்கு?' என்று கேட்டார் ஒரு நண்பர். அசல், நகல் என்று இத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்; ஒரு நகலைக் கையால் செய்து முடிக்க என்ன ஆகும் என்று நாம் கேட்டதேயில்லை. பேச வேண்டியது அதுதான்.

பிரான்சின் அவிஞோன் நகரத்துக்காரர் பியர் ஸ்கெரி, ஃபெராரி 312 பிபி என்னும் பந்தயக் காரை மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்தார். 1972-ல் தயாரிப்பாளர்களுக்கான உலகச் சாம்பியன் பட்டத்தை வென்ற கார் அது. நகல் முடிய ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன. அது வெறும் மேலோடு அல்ல. இருபுறமும் ஆறு ஆறாகப் படுத்திருக்கும் 12 சிலிண்டர்களோடு, நிஜமாகவே உறுமுகிற எந்திரம் உள்ளே இருக்கிறது.

அளவு குறைந்தால் வேலையும் குறையும் என்று நினைப்போம். கணக்கு அப்படிப் போகவில்லை. நீளம் மூன்றில் ஒன்றானால் கொள்ளளவு 27-ல் ஒன்று. மூன்று லிட்டர் எந்திரம் சுமார் 111 சி.சி.யாகிவிடும். ஆனால் அசலில் வால்வுகள் 48 என்றால் நகலிலும் 48தான். பிசகுவதற்கான இடமோ சுருங்கிவிடுகிறது: இங்கே 0.1 மி.மீ. தவறினால் அசலில் 0.3 மி.மீ. தவறியதற்குச் சமம். பெட்ரோலும் காற்றும் நம் வசதிக்காகச் சிறுத்துவிடுவதில்லை. சிறிய சிலிண்டரில் கொள்ளளவோடு ஒப்பிட சுவர்ப்பரப்பு மும்மடங்கு. வெப்பம் சீக்கிரம் ஓடிவிடும். ஆக, கண்ணை மூடிக்கொண்டு சுருக்கினால் எந்திரம் மக்கர் பண்ணும். அது ஓடவேண்டுமானால், செய்கிறவர் அசலை மறுபடியும் முதலிலிருந்து யோசித்தாக வேண்டும்.

அசலே இல்லாத நகல்களைப் பற்றி ழான் போத்ரியார் 1981-ல் எழுதினார். விளம்பரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் அது பொருந்தும். நானும் அதைக் கண்டதற்கெல்லாம் போட்டுப் பார்த்தவன்தான். லேத்தின் முன் நிற்பவரிடம் போய் 'எல்லாம் குறிகளின் விளையாட்டு' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அரம் பிடித்த கைக்கு உலோகம் குறியல்ல. எதிர்த்து நிற்கும் பொருள்.

இதைக் கொண்டாடி முடித்துவிடவும் மனம் வரவில்லை. அசலை வார்த்தவர்கள், கடைந்தவர்கள், பூட்டியவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. ஃபெராரி என்ற ஒற்றைப் பெயர் அவர்களை விழுங்கிவிட்டது. அவர்கள் பலராகச் செய்ததை ஒருவர் தனியாகத் திரும்பச் செய்யும்போதுதான் அந்த உழைப்பின் பிரம்மாண்டம் கண்ணில் படுகிறது. ஆனால் கூலியும் மேஸ்திரியும் இல்லாமல் செய்த இந்த உழைப்பின் விளைவையும் நாம் ஃபெராரி என்றே அழைக்கிறோம். மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். 15 ஆண்டுகளை இப்படிச் செலவிடும் வாய்ப்பு எந்தத் தொழிலாளிக்குக் கிடைக்கும் என்பது இன்னொரு கேள்வி.

நண்பருக்கு என் பதில் இது. பாரீசிலிருந்து கோட்பாடுகளை நாமும் நகலெடுத்தோம், பெயர்கள், கலைச்சொற்கள், பாவனைகள் உட்பட. மேலோடு அச்சு அசலாக வந்திருக்கிறது. நம்முடைய அளவுக்கு, நம்முடைய காற்றில் ஓடும்படி உள்ளே எதையாவது கடைந்தோமா? மூடியைத் திறந்து பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திறந்துதான் பார்க்க வேண்டும்.