மலை மழையை அளந்தால் மட்டும் போதுமா?

திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை நிரப்புவது கீழ்ப்பழனி மலையில் பெய்யும் மழை. குடகனாற்றில் வெள்ளமாக இறங்குவதும் அதே மழைதான். வேடசந்தூர் அருகே அந்த ஆற்றின் குறுக்கே உள்ள அழகாபுரி அணை, கட்டி முடித்த 1977ஆம் ஆண்டிலேயே உடைந்தது. வெள்ள நேரத்தில் மின்சாரம் நின்றுபோக, ஷட்டர்கள் பாதிதான் திறந்தன. ஆட்கள் கையால் சுற்றித் தூக்குவதற்குள் தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது. ஆகவே மலையில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பது சமவெளிக்காரர்களுக்கும் உயிர்க்கவலை.

அந்தக் கணக்கை ஊர்மக்களே எடுக்கும் முறைக்கு அருகிலேயே முன்னுதாரணம் உண்டு. வயநாட்டில் கல்பற்றாவின் ஹியூம் மையம் விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு, மாவட்டம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளை வைத்திருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும் மழை அடுத்ததில் தூறலாக நின்றுவிடும் மலைநாட்டில், தொலைதூர வானிலை நிலையத்தால் இந்த நுணுக்கத்தைத் தர முடியாது. 2020இல் முண்டக்கையில் நிலச்சரிவுக்கு முன்பே மக்கள் வெளியேற இந்த அளவுகள் உதவின.

2024இல் அப்படி நடக்கவில்லை. ஜூலை 29 காலையிலேயே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாக மையம் சொல்கிறது. மறுநாள் விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழையை அளந்தது மக்கள், முடிவெடுக்கும் உரிமை வேறிடத்தில். இம்முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

இன்னொரு ஓட்டை அதைவிட வலிக்கிறது. இலங்கையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலச்சரிவு எச்சரிக்கை விதி தெளிவானது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்துக்கு 2005லும் 2011லும் எச்சரிக்கை போயும், தமிழ்த் தொழிலாளர்கள் லயன் எனும் வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? 2014 அக்டோபர் 29 காலை அந்த லயன்கள்மேல் மலை சரிந்தது. அவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

மழைமானிக்கும் எல்லை உண்டு: ஆபத்து நெருங்குவதைச் சொல்லும், எந்தச் சரிவு இறங்கும் என்று சொல்லாது. வெளியேறிய மூன்று முறையும் ஒன்றும் நடக்காவிட்டால், மூன்று நாள் கூலியை இழந்தவர் நான்காவது முறை கிளம்பத் தயங்குவார்.

கீழ்ப்பழனி மலைக்கு வருவோம். காபித் தோட்டங்களில் மழையளவைக் குறித்துவைக்கும் பழக்கம் பழையது. ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடிப் பக்கம் அதை ஒரு வலையாகக் கோப்பது கடினமல்ல. கடினமானது அதற்கடுத்த ஏற்பாடு: குறித்த அளவைத் தாண்டியதும் மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் ஊராட்சியே மக்கள் தங்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடலாம் என்ற எழுத்துப்பூர்வ அதிகாரம், இழந்த நாளுக்குக் கூலி, அதே எண் அதே நேரத்தில் குடகனாற்றங்கரை ஊர்களுக்கும் போய்ச்சேரும் வழி.