கை கழுவச் சொல்லும் பொம்மை

வைத்தியசாலைகளிலே கை கழுவும் வழக்கத்தை வளர்ப்பதற்குப் பேசும் இயந்திரப் பொம்மைகளைப் பயன்படுத்தலாம் என்ற கருத்து இன்று ஆர்வத்தோடு முன்வைக்கப்படுகின்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டத்தக்க பரிசோதனையொன்று 2019இல் கேரளத்தின் வயநாட்டில், அரசாங்க ஆரம்பப் பாடசாலை ஒன்றில் நடைபெற்றது. அமிர்தா, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘பெப்பே’ என்னும் பச்சைநிறக் கை வடிவப் பொம்மை, கை கழுவுமிடத்துக்கு மேலே சுவரிற் பொருத்தப்பட்டது. அது கண்களை அசைத்துப் பிள்ளைகளோடு பேசிற்று. ஏறத்தாழ 100 பிள்ளைகளிடையே கை கழுவுதல் சுமார் 40 சதவீதம் கூடியது என்பர் ஆய்வாளர்.

பலன் மறுக்கத்தக்கதன்று. ஆயின் அப்பொம்மையைத் தொலைவிலிருந்து இயக்கியோர் மனிதரே. பேசியது இயந்திரம் என்று கொள்வது பாதி உண்மைதான்.

இதனை வன்னிக்குக் கொணர்வதாயின் முதலில் எழும் வினா, எமது வைத்தியசாலைகளிற் கை கழுவாமை மறதியால் விளைவதா என்பதே. 2009இன் முற்பகுதியிலே புதுமாத்தளன் பாடசாலைக் கட்டடத்தில் மருந்தின்றிச் சிகிச்சை செய்தோர்க்கு நினைவூட்டலா தேவைப்பட்டது? அது கொடிய விதிவிலக்கு எனலாம். எனினும், நோயாளியைத் தொடுமுன், தொட்டபின் என ஐந்து வேளைகளை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்தபோது, கைக்கான மதுசாரத் திரவம் படுக்கையருகே இருத்தல் வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. திரவப் போத்தல் வெறுமையாயிருக்க, பொம்மை பேசுவதிற் பயனில்லை.

மறதியினும் வலிய தடை பதவியாகும். 1847இல் வியன்னாவிலே செமல்வைஸ் குளோரின் கலந்த நீரிற் கை கழுவச் செய்து தாய்மாரின் மரணங்களைப் பெரிதும் குறைத்தார். அதனை ஏற்க மறுத்தோர் கல்லாதவரல்லர், பெரும் வைத்தியர்களே. எமது விடுதிகளிலும் ஒரு சிற்றூழியரோ பிள்ளையின் கட்டிலருகே நிற்கும் தாயோ, “ஐயா, கை கழுவினீங்களோ?” என்று வைத்திய நிபுணரைக் கேட்டுவிட முடியுமா? பொம்மைக்கோ பதவியுமில்லை, இடமாற்ற அச்சமுமில்லை. அதன் உண்மையான சிறப்பு இதுவே எனக் கருதுகின்றேன். ஆய்வாளர் புகழும் கண்ணசைவு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் பொம்மைக்கு அளிக்கும் உரிமையை அத்தாய்க்கு அளிக்கத் தயங்குவோர், தமது தயக்கத்தையும் ஆராய்தல் வேண்டும்.

ஆதலின் இத்தகைய பொம்மை கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ வருமாயின், அதனைச் சிறுவர் விடுதியில் மாட்டுமுன், காலையில் விடுதிகளைப் பார்வையிட வரும் வைத்தியர் குழாம் நுழையும் வாயிலில் மாட்டிப் பார்க்கலாம்.