நான்காம் வாரத்துச் சிவிக்

அம்பாங் சாலையின் ஒரு பாதி கோலாலம்பூர்; கிழக்கே போகப் போக சிலாங்கூர். 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது பிரிந்த எல்லை அது. கோலாலம்பூர்ப் பக்கம் குடியிருப்பவருக்கு நாடாளுமன்ற ஓட்டு மட்டும்தான்; சிலாங்கூர்ப் பக்கத்தவருக்குச் சட்டமன்ற ஓட்டும் உண்டு. வீட்டு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒருவர் மாநகர் மன்றத்துக்குப் போன் போடுவார், மற்றவர் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு. இரண்டிலுமே மக்கள் ஓட்டுப் போட்டு அமர்த்தியவர் எவருமில்லை. 1965இல் நிறுத்திவைத்த ஊராட்சித் தேர்தலை 1976ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு எடுத்துவிட்டது. குடியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் இதை வகுப்பில் எடுத்துப் பேசும் துணிவை நம் ஆசிரியர் பயிற்சி தருவதில்லை.

2019 ஜூனில் கல்வியமைச்சு குடியியலை மீண்டும் கொண்டுவந்தது. 2005இல் தனிப்பாடமாக வந்து பின்னர் கைவிடப்பட்ட அது, இம்முறை மலாய், ஆங்கிலம், வரலாறு, இஸ்லாமியக் கல்வி, நன்னெறி ஆகிய பாடங்களுக்குள் மாதத்தின் நான்காம் வாரம் ஒரு மணி நேரமாக நுழைந்தது. இதில் நல்லது இருக்கிறது. சோதனை கிடையாது. எஸ்.பி.எம். நன்னெறிக்காக நெறிகளின் விளக்கத்தை வரி பிசகாமல் மனனம் செய்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். ஆனால் தேர்ந்தெடுத்த மைய நெறிகள் நான்கு: அன்பு, மரியாதை, பொறுப்பு, மகிழ்ச்சி. உரிமைக்கு அங்கே இடமில்லை. அடுத்த மாதமே, ஜூலை 16இல், மக்களவை வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்தது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது, வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கிறது. படிவம் ஐந்தை முடித்த பிள்ளை மறு ஆண்டே வாக்காளர். அவரிடம் நாம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சியின் வழி பழைய வழிதான். அமைச்சிலிருந்து முதன்மைப் பயிற்றுநர், அவரிடமிருந்து மாநிலம், மாவட்டம், கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு பிற்பகல் பட்டறை. குறுகிய காலத்தில் நாடு முழுவதும் எட்ட வேறு வழியில்லைதான். ஆனால் கடைசியில் இருப்பவர் கைக்கு வந்து சேர்வது எந்த மாதம் எந்த நெறி, என்ன நடவடிக்கை, எந்தப் படத்தைப் பிடித்து அறிக்கையில் ஒட்டுவது என்பதுதான். அரசமைப்புச் சட்டம் அவர் கைக்கு வந்து சேர்வதில்லை; ஆனால் அதைச் சாதாரண மக்களுக்கும் எளிமையாகச் சொல்ல முடியும் என்பதை 2009 நவம்பரில் வழக்கறிஞர் மன்றம் தொடங்கிய இயக்கமும் அதன் சிறு கையேடுகளும் எப்போதோ காட்டிவிட்டன.

பெரிய குறை அச்சம். ஆசிரியர் அரசு ஊழியர். 1993ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் தலைக்கு மேல் நிற்கின்றன, அதற்கும் மேல் 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம். அரசமைப்பின் 10(4) பிரிவு, குடியுரிமை, தேசிய மொழி, சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பலருடைய நினைவில் நிற்பது இந்த முற்பாதி மட்டுமே. அவை நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பேசுவதற்கு அதே பிரிவு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று பிரித்துக் காட்டாத பயிற்சி, ஆசிரியரை எல்லாவற்றிலும் வாய்மூடவே பழக்குகிறது. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

இந்த மௌனத்தின் விலையைத் தருவது பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள். முதலாம் ஆண்டில் சேர வரும் பிள்ளையின் தகப்பன் மலேசியர், தாய் வெளிநாட்டவர், பிள்ளை பிறந்தபோது திருமணம் பதிவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கும். பிறப்புப் பத்திரத்தை முதலில் கையில் வாங்கிப் பார்ப்பவர் ஆசிரியர். அரசமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் குறிப்பிட்ட வயதுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், அடையாள அட்டை எடுக்கும் 12 வயதில் அந்தக் குடும்பம் விழிபிதுங்கி நிற்காது. அந்தப் பிரிவு உடனே குடியுரிமை தந்துவிடாது. காத்திருப்பு நீளும், முடிவு அரசாங்கத்தின் கையில். அதனால்தான் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்கிறேன்.

ஆசிரியர் கல்விக் கழக விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பட்டறையில் ஸ்லைடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், 10(4), 15ஏ இரண்டையும் அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள்.