தொடர்ச்சியில் பிளவுறும் ‘நாம்’

இரண்டாம் பாகங்கள் சுவைஞரைப் பிளவுபடுத்துவதற்குக் கதைமாற்றம் மட்டுமே காரணமன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தில் கதைசொல்லி வாசகரை உளப்படுத்தியே ‘நாம்’ எனப் பேசுகிறார். மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன் 2’ (2023), சேந்தன் அமுதன் உத்தம சோழனாக முடிசூடும் திருப்பத்தைக் கைவிட்டு மதுராந்தகனுக்கே முடியளித்தது. திரைக்கதை நோக்கில் இது ஏற்கத்தக்கதே. புதினத்தை அறியாதார்க்கு இழப்பேதுமில்லை. அறிந்தார்க்கோ, தம்மையும் உள்ளடக்கியிருந்த ‘நாம்’ தம்மை விலக்கிய ‘நாங்கள்’ ஆயிற்று.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ (2020) என்னும் காணொளி விளையாட்டில் இவ்விலக்கம் இன்னும் கடுமையானது. எல்லியை இயக்கிய கையே, அவள் பழிதீர்க்கத் தேடும் ஆபியையும் இயக்க வேண்டியதாயிற்று. தலைப்பிலுள்ள ‘அஸ்’ என்பதை முதற்பாகத்திற்கு ‘நம்மில்’ எனப் பெயர்க்கலாம். இரண்டாம் பாகத்திற்கு ‘எங்களில்’ என்பதே நேரிது.