எமில் கோல்: கோடும் கதையும்

எமில் கோல் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சாவைத்தான் எழுதுகிறார்கள். வறுமை, மெழுகுவர்த்தியிலிருந்து தாடியில் பற்றிய தீ, ஆஸ்பத்திரி, 1938 ஜனவரி 20ல் மரணம். பிறகு 'கார்ட்டூன் படத்தின் தந்தை' என்று ஒரு பட்டம். தந்தை என்று சொல்லிவிட்டால் அப்புறம் படத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தப் படம், 1908ல் கோமோன் கம்பெனிக்காக அவர் செய்த 'ஃபாந்தாஸ்மகோரி'. சுமார் 700 சித்திரங்கள். ஓடுவது இரண்டு நிமிஷத்திற்கும் குறைவு. வெள்ளைத் தாளில் கறுப்பு மசியால் போட்டதை நெகட்டிவாகவே அச்சிட்டதால் கரும்பலகையில் சாக்குக்கட்டிக் கோடுபோலத் தெரிகிறது. புட்டி பூவாகிறது. பூவின் தண்டு யானையின் தும்பிக்கையாகிறது. யானை வீடாகிறது. கதை எங்கே என்று கேட்பவர்களுக்கான படமல்ல இது. எதுவாகவும் நிலைத்துவிட மறுக்கும் கோடு ஒன்றுதான் இதில் பாத்திரம்.

இதைச் செய்தபோது கோலுக்கு வயது 51. ஆந்த்ரே கில்லிடம் சிஷ்யராகச் சேர்ந்ததிலிருந்து முப்பது வருஷம் பத்திரிகைக் கேலிச்சித்திரமும் சித்திரக்கதையும் போட்டவர். 1880களில் பாரிஸின் 'இன்கோஹெரான்' கூட்டத்தில் ஒருவர். அந்தக் கூட்டத்தில்தான் அல்ஃபோன்ஸ் அலே வெறும் சிவப்புப் பரப்பை, நீளத் தலைப்பிட்டு, ஓவியம் என்று காட்சிக்கு வைத்தார். 1910ல் ஓவியன் ஒருவனைப் பற்றி எடுத்த படத்தில் கோல் இதே கிண்டலை மறுபடி கையிலெடுக்கிறார். அலேயிடம் தலைப்பே ஹாஸ்யம். கோலிடம் தலைப்பு வெறும் சாக்கு. தலைப்பைச் சொன்னவுடன் ஒற்றை நிறத் திரையில் கோடுகள் கிளம்பிவிடுகின்றன, தலைப்பை மறந்தும் போகின்றன.

1912ல் எக்லேர் கம்பெனிக்காக அமெரிக்கா போனார். நியூ ஜெர்ஸியின் ஃபோர்ட் லீயில், ஜார்ஜ் மக்மானஸின் 'நியூலிவெட்ஸ்' பத்திரிகைச் சித்திரக்கதையை 1913லிருந்து படத்தொடராக்கினார். தொழில் சரித்திரத்தில் இது ஒரு முன்னேற்றம். எனக்கோ அவர் தோற்ற இடமாகவே படுகிறது. இன்னொருவருடைய பாத்திரங்கள், படத்துக்குப் படம் அதே முகங்கள், தலைக்குமேல் பலூனில் வசனம். கோடு கதைக்கு ஊழியம் செய்யத் தொடங்கிவிட்டது. கார்ட்டூன் தொழில் பிற்பாடு பெரும்பாலும் இந்த வழியில்தான் போயிற்று; தந்தை என்ற பட்டம் அவருக்குப் பொருந்துமென்றால் இந்த அர்த்தத்தில்தான் பொருந்தும்.

1914ல் ஃபோர்ட் லீ தீ விபத்தில் அத்தொடரில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியதைப் பார்த்தால், பாத்திரங்கள் அநேகமாக அசையாமல் நின்று பேசுகின்றன. ஒரு காட்சி முடிந்து அடுத்தது வருவதற்குள் மட்டும் கோடுகள் கலைந்து, வேறு எது எதுவாகவோ புரண்டு, பிறகு மனசில்லாமல் அந்தக் குடும்பமாகத் திரும்பிவந்து கூடுகின்றன. அந்த இடைவெளியில் மக்மானஸுக்கு வேலையில்லை.