கடல் கடந்து வரும் அட்டை

சிற்றலை வானொலி நேயர்கள் பொக்கிஷமாகச் சேர்ப்பது கியூஎஸ்எல் அட்டைகளை. தொலைதூர நிலையமொன்றைக் கேட்டவர் நாள், உலகப் பொது நேரம், அலைவரிசை எண், நிகழ்ச்சி விவரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்புவார். கூடவே சின்போ குறியீடு: அலையின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவலில் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 55555 என்றால் துல்லியமான ஒலி.

விவரம் சரியாக இருந்தால், கேட்டதற்குச் சான்றாக நிலையத்திலிருந்து வண்ண கியூஎஸ்எல் அட்டை வரும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு! தன் அலை எந்த ஊரில் எப்படி விழுகிறது என்று பொறியாளருக்குத் தெரிகிறது. நேயருக்கோ இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிரித்தறியும் செவி வாய்க்கிறது. 1963-இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ்ப் பிரிவுக்குத் தமிழ்நாட்டு ஊர்களில் நேயர் மன்றங்களே இருந்தன.

இணையமும் கைபேசியும் பரவ, நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சிற்றலையிலிருந்து விலகின. ரேடியோ நெதர்லாந்து 2012-இல் சிற்றலையைக் கைவிட்டது. 1941-இல் பிறந்த பிபிசி தமிழின் வானொலி ஒலிபரப்பு 2017-இல் நின்றது. ஆனாலும் ருமேனிய வானொலி போன்ற சில நிலையங்களும், உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலியாளர்களும் அட்டை அனுப்பும் வழக்கத்தை விடாமல் தொடர்கிறார்கள்.